நெகிழி அளவுமாதிரி அமைத்தல்

நெகிழி அளவுமாதிரி அமைத்தல் என்பது வானூர்தி, கப்பல், டாங்கி, மகிழுந்து முதலியவற்றின் சிறிய உருவங்களை, குறித்த ஓர் அளவுவிகிதத்தில், நெகிழி (பிளாஸ்டிக்) உறுப்புகளை ஒட்டி அமைத்து வண்ணம் தீட்டும் பொழுதுபோக்கு ஆகும். உறுப்புகள், செய்முறைத் தாள், சின்னங்களுக்கான ஒட்டுப்படங்கள் ஆகியவை அடங்கிய பெட்டியாக இது விற்கப்படுகின்றது. இப்பெட்டி பொதுவாக "கிட்" எனப்படும். பசை, வண்ணம், கருவிகள் ஆகியவற்றைப் பெரும்பாலும் தனியே வாங்க வேண்டும்.

அளவுமாதிரிக்கும் பொம்மைக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு அளவுவிகிதமே. பொம்மை வானூர்தியின் சக்கரம் குழந்தையின் கைக்கு ஏற்பப் பெரிதாக இருக்கலாம். அளவுமாதிரியில் சக்கரம், இறக்கை, விமானி ஆகிய அனைத்தும் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். ஆனால் உருவத்தைச் சுருக்குவது போல எல்லாவற்றையும் சுருக்க இயலாது. தகட்டின் தடிமன், வண்ணப் படலம், ஒளி ஆகியவை இவ்விகிதத்துக்குக் கட்டுப்படுவதில்லை. இந்த இடைவெளியைக் கைவேலையால் ஈடுசெய்வதே இக்கலையின் சாரம் எனலாம்.

வரலாறு

தொடக்கம்

சிறு உருவங்கள் செய்யும் வழக்கம் மிகப் பழமையானது. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மெகெட்ரே என்ற எகிப்திய அதிகாரியின் கல்லறையிலிருந்து படகுகள், தொழுவம், அடுமனை ஆகியவற்றின் மர உருவங்கள் 1920இல் கண்டெடுக்கப்பட்டன. எனினும் இவை திட்டமான விகிதத்தில் அமைந்தவை அல்ல. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடற்படை வாரியத்துக்காகச் செய்யப்பட்ட கப்பல் மாதிரிகள் பெரும்பாலும் 1:48 விகிதத்தில் அமைந்திருந்தன. அதாவது, கால் அங்குலம் ஓர் அடியைக் குறித்தது.

1930களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் "ஸ்கைபேர்ட்ஸ்" என்ற பெயரில் 1:72 விகித மர வானூர்தித் தொகுப்புகள் விற்கப்பட்டன. 1936இல் "ஃபிராக் பென்குயின்" என்ற வரிசை வெளிவந்தது. செல்லுலோசு அசிட்டேட்டு என்ற நெகிழியால் ஆன இத்தொகுப்புகளே அச்சில் வார்க்கப்பட்ட முதல் நெகிழி வானூர்தித் தொகுப்புகளாகக் கருதப்படுகின்றன. அந்த நெகிழி நாளடைவில் வளைந்து திரியும் தன்மை கொண்டது. ஆகவே அக்கால மாதிரிகளுள் பல இன்று உருக்குலைந்து காணப்படுகின்றன.

இரண்டாம் உலகப் போரில் அளவுமாதிரிகள் போர்க்கருவியாகவே பயன்பட்டன. வானில் தெரியும் வானூர்தி நம்முடையதா, எதிரியுடையதா என்று நொடியில் கண்டறிய வீரர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டது. 1942இல் அமெரிக்கக் கடற்படை 50 வகை வானூர்திகளின் 5 இலட்சம் மாதிரிகளைச் செய்து தருமாறு அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. மரத்தில் செதுக்கிக் கருப்பு வண்ணம் பூசப்பட்ட அம்மாதிரிகளின் அளவும் 1:72 ஆகும்.

போருக்குப் பின்

போருக்குப் பின்னர் பாலிஸ்டைரீன் என்ற நெகிழி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. உருகிய நெகிழியை அழுத்தத்துடன் எஃகு அச்சுக்குள் செலுத்தினால் நுண்ணிய வடிவங்களும் தெளிவாக விழும். அச்சைச் செதுக்கும் செலவு மிகுதி. ஆனால் அச்சு ஆயத்தமான பின்னர் ஆயிரக்கணக்கான பிரதிகளைக் குறைந்த செலவில் எடுக்கலாம்.

அங்கேரியில் பிறந்த நிக்கோலசு கோவ் 1939இல் இலண்டனில் தொடங்கிய ஏர்பிக்ஸ் நிறுவனம் முதலில் காற்றடைத்த இரப்பர் பொம்மைகளையும், பின்னர் சீப்புகளையும் செய்துவந்தது. 1952இல் "கோல்டன் ஹைண்டு" கப்பல் தொகுப்பை நெகிழிப் பையில் இட்டு, வுல்வொர்த் கடைகளில் 2 சில்லிங்குக்கு விற்றது. சிறுவரின் கைச்செலவுக் காசுக்கு எட்டிய இந்த விலை இப்பொழுதுபோக்கைப் பரவலாக்கியது. 1953இல் அதன் முதல் ஸ்பிட்பயர் வானூர்தித் தொகுப்பு வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ரெவெல் நிறுவனம் "மிசூரி" போர்க்கப்பல் தொகுப்பை வெளியிட்டது.

யப்பானில் இத்தொழில் சிசுவோக்கா நகரில் வேரூன்றியது. 1946இல் அங்கு மர அறுவை ஆலையாகத் தொடங்கப்பட்ட தமியா நிறுவனம் முதலில் மர மாதிரிகளையும், 1960ஐ ஒட்டி நெகிழி மாதிரிகளையும் செய்யத் தொடங்கியது. அசெகாவா, அவோசிமா, புச்சிமி ஆகிய நிறுவனங்களும் சிசுவோக்கா பகுதியைச் சேர்ந்தவை. 1980இல் பண்டாய் நிறுவனம் "கண்டம்" என்ற அசைபடத் தொடரின் இயந்திர உருவங்களை 300 யென் விலையில் வெளியிட்டது. உண்மையில் இல்லாத பொருட்களுக்கும் அளவுமாதிரி செய்யும் வழக்கம் இதன்மூலம் பெரிதும் வளர்ந்தது.

ஃபிராக் உற்பத்தி 1970களின் நடுப்பகுதியில் நின்றது. அதன் அச்சுகளுள் பல சோவியத் ஒன்றியத்துக்கு விற்கப்பட்டு, "நோவோ" என்ற பெயரில் மீண்டும் தொகுப்புகளாக வெளிவந்தன. ஏர்பிக்ஸ் 1981இல் நொடித்துப் பலர் கைமாறியது. 2006இல் அதனை ஹார்ன்பி நிறுவனம் வாங்கியது. நிறுவனம் மறைந்தாலும் எஃகு அச்சு அழிவதில்லை. ஆகவே அரை நூற்றாண்டுக்கு முந்தைய அச்சிலிருந்து எடுத்த தொகுப்பு புதிய பெட்டியில் விற்பனைக்கு வருவது இத்துறையில் இயல்பானது. வாங்குவோர் பெட்டியின் படத்தை மட்டும் பார்க்காமல் அச்சின் ஆண்டையும் அறிந்துகொள்வது நல்லது.

அளவுவிகிதங்கள்

1:72 என்பதன் பொருள், மாதிரியின் 1 மில்லிமீட்டர் உண்மைப் பொருளின் 72 மில்லிமீட்டரைக் குறிக்கின்றது என்பதாகும். 72, 48 போன்ற எண்கள் பதின்ம முறைக்குப் பழகியவர்களுக்கு வியப்பளிக்கலாம். இவை அடி, அங்குல முறையில் பிறந்தவை. ஓர் அங்குலம் ஆறடியைக் குறித்தால் 1:72 கிடைக்கும். ஆறடி என்பது ஏறத்தாழ ஓர் ஆளின் உயரம். எனவே இவ்விகிதத்தில் விமானியின் உருவம் ஓர் அங்குல உயரம் இருக்கும்.

ஸ்பிட்பயர் வானூர்தியின் முதல் வகையின் இறக்கை நீட்டம் 11.23 மீட்டர். பல்வேறு விகிதங்களில் அது பின்வருமாறு அமையும்.

1:144 – 78 மி.மீ.
1:72 – 156 மி.மீ.
1:48 – 234 மி.மீ.
1:32 – 351 மி.மீ.
1:24 – 468 மி.மீ.

கப்பல்களுக்கு 1:700, 1:350 ஆகியவை பரவலான விகிதங்கள். 263 மீட்டர் நீளமுள்ள யப்பானின் "யமாட்டோ" போர்க்கப்பல் 1:700இல் 37.6 செ.மீ. நீளமாகும். அதையே 1:72இல் செய்தால் 3.65 மீட்டர் நீண்டு ஓர் அறையை அடைத்துவிடும்.

டாங்கிகளுக்கு வழக்கமான 1:35 விகிதம் எந்த அளவு முறையிலிருந்தும் வந்ததன்று. 1960களின் தொடக்கத்தில் தமியா நிறுவனம் மின்பொறியால் ஓடும் ஜெர்மன் "பாந்தர்" டாங்கித் தொகுப்பை வடிவமைத்தது. மின்பொறியும் மின்கலங்களும் உள்ளே அடங்க எவ்வளவு இடம் தேவையோ, அதற்கேற்ப உடல் பெரிதாக்கப்பட்டது. பின்னர் கணக்கிட்டபோது அது ஏறத்தாழ 1:35 என அமைந்தது. பிற நிறுவனங்களும் இதனைப் பின்பற்றின.

சுருங்குபவையும் சுருங்காதவையும்

1:72 மாதிரியில் நீளம் 72 மடங்கு குறைகின்றது. பரப்பு 5,184 மடங்கும், கன அளவு 3,73,248 மடங்கும் குறைகின்றன. இது வெறும் கணக்கு. அச்சைச் செதுக்குபவர் இக்கணக்கைச் சரியாகச் செய்தால் உருவம் சரியாக அமையும். ஆனால் கீழ்க்காண்பவை கணக்கின்படி அமைவதில்லை.

தடிமன்

உண்மை வானூர்தியில் 1 மி.மீ. தடித்த உலோகத் தகடு 1:72இல் 0.014 மி.மீ. ஆக வேண்டும். இது தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நெகிழியை அவ்வளவு மெல்லியதாக வார்க்க இயலாது. 1 மி.மீ. தடித்த நெகிழிச் சுவர் உண்மையில் 7.2 செ.மீ. தடித்த தகட்டுக்குச் சமம். எனவே இறக்கையின் பின்விளிம்பு, சக்கரக் கதவு, விமானியின் கண்ணாடிக் கூண்டு முதலியவை தடித்துத் தெரியும். விளிம்புகளை மட்டும் உட்புறமாகத் தேய்த்து மெல்லியதாக்கினால், முழுவதும் மெல்லியது என்ற தோற்றம் கிடைக்கும். மிக மெல்லிய உறுப்புகளுக்கு அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகடுகள் பயன்படுத்தப்படுகின்றன.

தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் கோடுகளுக்கும் இது பொருந்தும். மாதிரியில் 0.2 மி.மீ. அகலமுள்ள கோடு, உண்மை வானூர்தியில் 1.4 செ.மீ. அகலமுள்ள பள்ளத்துக்குச் சமம். அத்தகைய பள்ளங்களுடன் எந்த வானூர்தியும் பறப்பதில்லை. விகிதப்படி செதுக்கினாலோ கோடு கண்ணுக்கே தெரியாது. இரண்டுக்கும் இடையில் எங்கு நிற்பது என்பது அமைப்பவரின் முடிவு.

வண்ணப் படலமும் தூசியும்

0.05 மி.மீ. தடித்த வண்ணப் பூச்சு, 1:72இல் 3.6 மி.மீ. தடித்த பூச்சுக்குச் சமம். ஒரே தடவையில் அழுத்தமாகப் பூசினால் நுண்வேலைப்பாடுகள் மூடப்பட்டுவிடும். ஆகவே பாலைப் போல நீர்த்த வண்ணத்தைப் பல மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும். பூச்சில் ஒட்டிய 0.1 மி.மீ. தூசித் துகள் 7 மி.மீ. கூழாங்கல்லாகத் தோன்றும்.

ஒளி

நிழலின் வடிவம் பொருளுடன் சேர்ந்து சுருங்கும். ஆனால் ஒளி மூலம் சுருங்குவதில்லை. வெளியில் நிற்கும் வானூர்தியின் மீது சூரியன் ஒரு சிறு வட்டிலிலிருந்து ஒளி வீசுகின்றது. அதன் நிழல்கள் கூர்மையானவை. நடுப்பகல் வெயிலின் செறிவு ஒரு இலட்சம் லக்சு அளவுக்குச் செல்லும். வீட்டறையிலோ அது சில நூறு லக்சு மட்டுமே. குழல்விளக்கின் ஒளியும் சுவர்களில் பட்டு வரும் ஒளியும் நிழலைக் கரைத்துவிடும். இதனால் உண்மை வானூர்தியின் அதே வண்ணத்தைப் பூசிய மாதிரி, இருண்டும் தட்டையாகவும் தோன்றும்.

இதற்காகவே பலர் வண்ணத்தைச் சற்று வெளுக்கச் செய்கின்றனர். 1:72 மாதிரியை 30 செ.மீ. தொலைவில் பார்ப்பது, உண்மைப் பொருளை 21.6 மீட்டர் தொலைவில் பார்ப்பதற்குச் சமம். இடையிலுள்ள காற்றே வண்ணத்தை வெளுக்கின்றது என்று சிலர் விளக்குவர். 21 மீட்டர் காற்றால் அவ்வளவு மாற்றம் நிகழாது. அறையின் குறைந்த ஒளியே பொருத்தமான காரணமாகும். எவ்வளவு வெளுப்பது என்பதற்கு வாய்பாடு இல்லை. மாதிரி வைக்கப்படும் இடத்தின் ஒளியிலேயே பார்த்து முடிவு செய்வது சிறந்தது.

நீர்

கடற்காட்சி அமைக்கும்போது தட்டில் உண்மை நீரை ஊற்றினால், அது கடலாகத் தோன்றாமல் தேங்கிய நீராகவே தோன்றும். நீரின் பரப்பு இழுவிசை சுருங்காததே இதற்குக் காரணம். எனவே அலைகள் பிசின், அக்ரிலிக் களி முதலியவற்றால் உருவாக்கப்படுகின்றன.

செய்முறை

ஒட்டுதல்

உறுப்புகள் நெகிழிச் சட்டம் ஒன்றில் இணைந்தவாறு வரும். முதலில் சோப்பு நீரில் கழுவி, அச்சிலிருந்து ஒட்டிய எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டும். உறுப்பைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிடுங்காமல் வெட்டி எடுத்து, எஞ்சிய முனையைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் சமன்செய்ய வேண்டும். பசையிடும் முன் உறுப்புகளைப் பொருத்திப் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

பாலிஸ்டைரீனுக்கான பசை வெறும் ஒட்டும் பொருள் அன்று. அது நெகிழியின் மேற்பரப்பைக் கரைக்கும் கரைப்பான். இரு பரப்புகளும் கரைந்து ஒன்றோடொன்று கலந்து இறுகுகின்றன. அதாவது இது ஒருவகைப் பற்றவைப்பு. நீர்மப் பசையைத் தூரிகையால் இணைப்பின் ஓரத்தில் தொட்டால் போதும். நுண்புழை விளைவால் அது தானாகவே இடுக்கினுள் பரவும். உலோகம், பிசின் ஆகியவற்றை இப்பசை கரைப்பதில்லை. அவற்றுக்குச் சயனோஅக்ரிலேட்டு வகைப் பசை தேவை.

இணைப்பில் தெரியும் இடைவெளியைப் பட்டியால் நிரப்பி, காய்ந்தபின் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். உடலின் இரு பாதிகள் சேரும் கோடு தெரிந்தால், மேலே தீட்டப்படும் வண்ணம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் மாதிரி ஒட்டிய பொருளாகவே தோன்றும்.

வானலைக் கம்பி போன்ற மெல்லிய இழைகளுக்கு வீணாகும் சட்டமே உதவும். மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே பிடித்துச் சட்டத்தை இளக்கி, இரு முனைகளையும் இழுத்தால் மயிரிழை போன்ற நூல் கிடைக்கும்.

வண்ணம் தீட்டல்

வண்ணங்கள் எனாமல், அக்ரிலிக், லாக்கர் என மூவகைப்படும். எனாமல் மெதுவாக உலர்வதால் தூரிகைத் தடங்கள் தாமே சமனாகும். நீர்சார் அக்ரிலிக் விரைவில் உலரும், மணம் குறைவு. லாக்கர் வலிமையான படலத்தைத் தரும். ஆனால் அதன் கரைப்பான் கடுமையானது. கீழ்ப்படலத்தைக் கரைக்காத வண்ணத்தையே மேற்படலமாகப் பூச வேண்டும் என்பது அடிப்படை விதி. ஈரப்பதம் மிகுந்த நாட்களில் லாக்கர் பூசினால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள நீராவி படியும். அப்போது படலம் வெண்மையாக மங்கிவிடும். கடலோர ஊர்களில் இது கவனிக்க வேண்டியது.

ஒட்டுப்படங்களை நீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டுவர். சொரசொரப்பான மங்கல் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். ஆகவே முதலில் பளபளப்பான வார்னிஷ் பூசி, படத்தை ஒட்டி, இறுதியில் மங்கல் வார்னிஷ் பூச வேண்டும்.

அறை ஒளி தராத நிழலையும் வெளிச்சத்தையும் வண்ணத்தால் தரும் முறைகள் இரண்டு. மிக நீர்த்த கருநிற வண்ணத்தைப் பூசிப் பள்ளங்களில் மட்டும் தங்கவிட்டு எஞ்சியதைத் துடைப்பது ஒன்று. தூரிகையிலுள்ள வெளிர் வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு, மேடான விளிம்புகளில் உலர்ந்த தூரிகையால் இலேசாகத் தடவுவது மற்றொன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த பிரான்சுவா வெர்லிண்டன் இம்முறைகளைப் பரப்பியவர்களுள் ஒருவர். அமெரிக்கரான செப்பர்டு பெயின் (1946–2015) மாதிரிகளை நிலக்காட்சியுடன் அமைத்துக் கதை சொல்லும் முறையால் புகழ்பெற்றவர்.

ஆய்வும் துல்லியமும்

ஒரே வானூர்தி வகை காலத்துக்கேற்ப வெவ்வேறு வண்ணம் பெற்றிருக்கும். 1940இல் பிரித்தானிய வான்படையின் ஸ்பிட்பயர்கள் மேற்புறம் கரும்பழுப்பும் கரும்பச்சையும் கொண்டிருந்தன. 1941 ஆகஸ்டு முதல் பழுப்புக்கு மாற்றாகச் சாம்பல் நிறம் வந்தது. எனவே வகையை மட்டுமன்றி நாளையும் அறிந்தே வண்ணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்காலக் கருப்பு வெள்ளைப் படங்களில் சில படச்சுருள்கள் மஞ்சளையும் சிவப்பையும் இருட்டாகக் காட்டும். ஒளிப்படத்தை மட்டும் நம்பினால் தவறு நேரலாம்.

இத்தகைய ஆய்வு எதிர்பாராத இடங்களுக்கும் இட்டுச் செல்லும். 1940இல் ஸ்பிட்பயர்களைப் பறக்கவிட்ட பிரித்தானிய வான்படையின் 234ஆம் அணி "சென்னை மாகாணம்" என்ற பெயரைத் தாங்கியது. போருக்கு நன்கொடை வழங்கிய பகுதிகளின் பெயர்களை அணிகளுக்குச் சூட்டும் வழக்கத்தால் இப்பெயர் வந்தது. இந்த அணியின் வானூர்திகளில் "AZ" என்பதற்கு மாற்றாக வேறு எழுத்துகளை ஒட்டினால், அந்த வரலாறும் மாறிவிடும்.

துல்லியம் வெறும் பிடிவாதம் அன்று என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2,300க்கும் மேற்பட்ட ஷார்ட் ஸ்டெர்லிங் குண்டுவீச்சு வானூர்திகள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றுகூட இன்று முழுமையாக எஞ்சவில்லை. இத்தகைய பொருளை எப்பக்கமும் திருப்பிப் பார்க்க மாதிரியைத் தவிர வேறு வழியில்லை. மாதிரியில் நேர்ந்த பிழையை மூலத்துடன் ஒப்பிட்டுத் திருத்தவும் வழியில்லை.

போர்க்கருவிகளைப் பொழுதுபோக்காக்குவது போரை அழகுபடுத்துகின்றது என்ற விமர்சனம் உண்டு. பளபளக்கும் மாதிரி, அதன் மூலத்தால் மாண்டவர்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பது உண்மையே. துருவும் புகைக்கறையும் சிதைவும் தீட்டுவோர் சிலர் இதற்கு விடை தேட முயல்கின்றனர்.

அமைப்புகளும் போட்டிகளும்

பன்னாட்டு நெகிழி மாதிரியாளர் கழகம் 1963இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்டது. இன்று பல நாடுகளில் இதன் கிளைகள் உள்ளன. இத்தகைய கழகங்களின் போட்டிகளில் நடுவர்கள் பொதுவாக அடிப்படை வேலையையே முதலில் பார்ப்பர். இணைப்புக் கோடு தெரிகின்றதா, இறக்கைகள் சமமாக உள்ளனவா, சக்கரங்கள் அனைத்தும் தரையைத் தொடுகின்றனவா என்பன அவற்றுட் சில.

பாதுகாப்பு

பசைகளும் லாக்கர்களும் வெளியிடும் ஆவி தீங்கானது. காற்றோட்டமான இடத்தில், நெருப்பிலிருந்து விலகி வேலை செய்ய வேண்டும். தெளிகருவியைப் பயன்படுத்தும்போது கரைப்பான் ஆவியை வடிகட்டும் முகமூடி தேவை. சாதாரணத் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. பிசின் உறுப்புகளை நீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. கத்தியை எப்போதும் விரல்களிலிருந்து விலகும் திசையிலேயே செலுத்த வேண்டும். மழுங்கிய அலகு கூடுதல் அழுத்தம் கேட்பதால், கூரிய அலகைவிட அதுவே எளிதில் வழுக்கிக் காயப்படுத்தும்.

இன்றைய நிலை

கணினி வழி வடிவமைப்பும், உண்மைப் பொருளை ஒளிக்கற்றையால் அளவெடுக்கும் முறையும் அச்சுகளின் துல்லியத்தை உயர்த்தியுள்ளன. முப்பரிமாண அச்சுப்பொறி வாயிலாக, நிறுவனங்கள் வெளியிடாத உறுப்புகளைத் தனியாட்களே உருவாக்க முடிகின்றது. தடிமனின் சிக்கலை இவை ஓரளவு குறைத்துள்ளன. ஆயினும் ஒளியின் சிக்கலுக்கு எந்தப் பொறியாலும் தீர்வு இல்லை. அதற்குத் தூரிகையும் பார்வையும் பொறுமையுமே இன்றும் தேவைப்படுகின்றன.